குறத்தியும் யாத்திரிகனும்: நெல்லைச் சீமைக் கிறித்தவக் கற்பனை இலக்கியத்தில் பெண்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் சிவகிரியை ஒட்டி அமைந்த ராயகிரி தொடங்கி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசியையும் குற்றாலத்தையும் தொடும் நிலப்பகுதி, தமிழ் இலக்கிய மரபில் குறிஞ்சியும் மருதமும் கைகோத்துக் கிடக்கும் நிலமாகும். மலையிலிருந்து இறங்கிவந்து சமவெளி ஊர்களில் குறி சொல்லிப் பிழைக்கும் குறத்தி என்னும் பாத்திரம் தன் முழு உயரத்தை எட்டிய குற்றாலக் குறவஞ்சி இந்நிலத்தில்தான் பிறந்தது. அந்தக் குறத்தியை ஒரு நூற்றாண்டுக்குள் கிறித்தவப் புலவர் ஒருவர் எடுத்துக்கொண்டு வேறொரு வேலைக்கு அமர்த்தினார். பின்னர் அதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மற்றொரு புலவர், குறத்திக்கு இடமில்லாத ஒரு காப்பியத்தை, தனியே நடந்துபோகும் ஓர் ஆண் யாத்திரிகனைத் தலைவனாக வைத்துப் பாடினார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து பார்ப்பது, கிறித்தவ ஆண் எழுத்தாளர்கள் தம் கற்பனை உலகங்களில் பெண்ணுக்கு எந்த இடத்தைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதை அறிய உதவும்.

கண்ணால் காணாத உலகை, நடவாத நிகழ்ச்சிகளை, நடந்தவை போலவே விரித்துச் சொல்லும் எழுத்தை இன்றைய திறனாய்வாளர் மிகுபுனைவு என்பர். அதன் பழைய கிறித்தவ வடிவம் உருவகக் கதையாகும். நம்பிக்கை, ஐயம், அன்பு, இச்சை போன்ற அகப்பண்புகள் மனித வடிவெடுத்து வந்து பேசுவதும், ஆன்மாவின் வாழ்க்கை ஒரு பயணமாகவோ திருமணமாகவோ காட்டப்படுவதும் அதன் இயல்பு. இத்தகைய நூல்களில் பெண்ணைப் பற்றிய பார்வை சமயக் கொள்கையிலிருந்து நேராக இறங்கி வந்தது என்று கொள்வதே வழக்கம். ஆனால் தமிழ் நூல்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒரே வேதத்தை நம்பிய புலவர்கள் பெண்ணுக்கு வெவ்வேறு அளவில் இடமளித்திருப்பதும், அந்த வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானித்தது அவர்கள் கையாண்ட இலக்கிய வகையே என்பதும் புலனாகும். குறவஞ்சி ஒரு பெண்ணை நடக்கவும் பேசவும் விட்டது. காப்பியம் அவளை வணங்கியது அல்லது வீட்டிலேயே நிறுத்தியது. புதிதாக வந்த உரைநடைக் கதை அவளுக்கு ஆண் வேடமிட்டு அரியணையில் ஏற்றியது.

தென்காசிக்கு அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கரின் காலத்தில் எழுந்தது. அதற்குப் பரிசாகப் புலவருக்கு அளிக்கப்பட்ட நிலம் குறவஞ்சி மேடு என்ற பெயரால் நினைக்கப்படுகிறது. அதன் கதை எளிது: குற்றாலநாதர் உலா வருகிறார், பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள், அப்போது குறத்தி வந்து மலைவளம் பாடி, அவள் கையைப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள், அவளைத் தேடிவரும் கணவன் சிங்கன், அவள் உடம்பில் ஏறியிருக்கும் அணிகலன்களைப் பார்த்து ஐயமும் வியப்புமாகக் கேள்வி கேட்கிறான். இந்நூலின் தலைவி வசந்தவல்லிதான் என்றாலும், நாட்டையும் மலையையும் அறிந்தவளும், தன் தொழிலால் பொருள் ஈட்டுபவளும், கணவனுக்கு விடை சொல்ல அஞ்சாதவளும் குறத்தியே. தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகள் பலவற்றிலும் பெண் பார்க்கப்படும் பொருளாகவே நிற்க, குறவஞ்சியில் ஒரு பெண் பார்த்ததைச் சொல்பவளாக வருகிறாள். நூலுக்கே அவள் பெயர் அமைந்ததும் பொருத்தமானதே.

இந்த வடிவத்தைக் கிறித்தவச் சமயத்துக்குள் கொண்டுவந்தவர் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். அவர் சிறுவராயிருந்த காலத்தில் பாளையங்கோட்டைக் கிறித்தவச் சபையின் நடுநாயகமாக விளங்கியவர் ஒரு பெண். 1778-இல் கிறித்தவ மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற, குளோரிந்தா என்ற பிராமணக் கைம்பெண்ணே அவர். 1785-இல் அவர் எழுப்பிய ஆலயத்தை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தனர். சபையை நிறுவியவரும் அதற்குப் பொருள் கொடுத்தவரும் ஒரு பெண்ணாயிருந்த சூழலை அறிந்த அச்சிறுவரைச் சுவார்ட்ஸ் தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே சரபோஜி மன்னரை நண்பராகப் பெற்று வளர்ந்த சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார்.

பெத்லகேம் குறவஞ்சியில் உலா வரும் தலைவர் இயேசு. அவர்மீது காதல் கொள்ளும் தேவமோகினி, சீயோன் மகளாகிய திருச்சபை. குறி சொல்ல வரும் ஞானச்சிங்கி, விசுவாசம் என்னும் அகப்பண்பின் வடிவம். அவள் கணவனாகிய சிங்கன், ஊர் ஊராகச் சென்று வேதம் கற்பிக்கும் உபதேசியார். வேட்டையும் வலையும் உயிர்களைச் சேர்க்கும் ஊழியமாகப் பொருள் மாறுகின்றன. குறிசொல்லும் வழக்கத்தையும் சகுன நம்பிக்கைகளையும் சாஸ்திரக் கும்மியில் கடுமையாகச் சாடிய அதே புலவர், சமயத்தின் உச்சப் பண்பாகிய நம்பிக்கைக்கு ஒரு குறிசொல்லியின் உடலைக் கொடுத்தது எளிதில் கடந்துபோகக்கூடிய முரண் அன்று. திருமறையை விளக்கும் அதிகாரம் ஆலயத்தில் ஆண்களிடம் மட்டுமே இருந்த காலத்தில், பாட்டுக்குள் அந்த அதிகாரம் ஒரு குறத்தியின் வாயில் வந்து அமர்கிறது. படித்த உபதேசியாரோ அவள் பின்னே அவளைத் தேடி வரும் கணவனாக நிற்கிறார். மலைவளமும் நாட்டுவளமும் பாடும் மரபு இருந்ததால், சாஸ்திரியார் ஐரோப்பியக் குருமாரிடம் கற்ற புதிய வானியலுக்கும் உலக நிலவியலுக்கும் நூலில் இடம் கிடைத்தது. குற்றால மலையின் அருவியைப் பாடிய ஒரு கூத்து வடிவம், கோள்களையும் கண்டங்களையும் சொல்லும் வடிவமாக விரிந்தது.

ஆயினும் இந்த ஏற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. குற்றாலத்துக் குறத்தி ஒரு சாதியைச் சேர்ந்தவள், பசியறிந்தவள், நகையில் ஆசை கொண்டவள். ஞானச்சிங்கி அப்படி ஒருத்தி அல்லள், ஒரு கருத்து. வசந்தவல்லியின் காமம் குற்றாலநாதரை நோக்கியதாயினும் ஓர் இளம்பெண்ணின் உடற்காமமாகவே பாடப்பட்டது. தேவமோகினியின் காதல் சபையின் காதலாகப் பொருள்கொள்ளப்பட வேண்டியிருந்தது. அரங்கிலும் மாற்றம் நேர்ந்தது. தஞ்சையில் குறவஞ்சி என்பது தேவதாசிகள் ஆடிய நாட்டியம். சரபோஜியைத் தலைவராக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோவிலில் அவர்களே ஆடினர். கிறித்தவக் குறவஞ்சி அந்த அரங்கை ஏற்காமல், சபைக் கூட்டங்களில் பாடப்படும் இசைநூலாயிற்று. அதனால் பெண்ணின் குரலை ஆண் பாடகர் ஏந்தினார். பாட்டில் குறத்தி முன்னே வந்தபோது, கூடத்தில் ஆடும் பெண் பின்னே மறைந்தாள்.

சாஸ்திரியாருக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, காப்பிய வடிவத்தில் இதே சிக்கலைச் சந்தித்தவர் இத்தாலியரான வீரமாமுனிவர். காமநாயக்கன்பட்டி உள்ளிட்ட தென்பாண்டிப் பகுதிகளில் தொடக்க ஆண்டுகளில் பணிபுரிந்த அவர், 1726-இல் முடித்த தேம்பாவணியில் வளன் என்று தமிழ்ப்பெயர் பெற்ற சூசையைத் தலைவராக்கி, 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்களாக விரித்தார். தமிழ்க் காப்பியத் தலைவனுக்கு ஒரு திருமணம் வேண்டும். ஆனால் இங்கே மணமக்கள் இருவரும் கன்னிமை நோன்பு பூண்டவர்கள். எனவே மகளிரின் உறுப்பழகையும் கலவியையும் பாடும் காப்பிய மரபைத் துறந்து, மணவாழ்வையே துறவின் ஒரு வடிவமாக அவர் காட்ட நேர்ந்தது. இந்நூலுக்குப் பெரிதும் துணைநின்றது 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எசுப்பானியக் கன்னித்துறவி ஆகிரெடா மரியாள் தம் காட்சிகளின் அடிப்படையில் எழுதிய மரியன்னை வரலாறு என்பது இங்கே கருதத்தக்கது. ஒரு பெண் தன் தரிசனத்தில் மரியைக் கதையின் மையமாகக் கண்டு எழுதியதை, ஓர் ஆண் புலவர் தமிழுக்குக் கொண்டுவரும்போது தலைமையைக் கணவருக்கு மாற்றினார். மரி நூல் முழுவதும் போற்றப்படுகிறாள், ஆனால் நூல் அவளுடையதன்று. அவரே பெண்களின் விளையாட்டுப் பாடல் வடிவமாகிய அம்மானையைக் கையாண்டபோது, கித்தேரியம்மாள் என்ற மறைச்சாட்சியைத் தலைவியாக்கி முழுநூலையும் அவளுக்கே கொடுத்தார். ஒரே புலவரிடம் காப்பியம் ஒரு வகையாகவும் மகளிர் பாட்டு வடிவம் வேறு வகையாகவும் பெண்ணை நடத்தியமைக்கு இது தெளிவான சான்று.

காப்பிய மரபின் கடைசிப் பெரிய கிறித்தவப் புலவர் எச். ஏ. கிருட்டிண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தபின் 1858-இல் கிறித்தவரான அவர், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையை அடியொற்றி இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் இதழில் பகுதி பகுதியாக வந்த அது, 1894-இல் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக நூலுருப் பெற்றது. அழியப்போகும் நகரை விட்டு மோட்ச நகரை நோக்கிப் புறப்படும் ஆன்மாவே அதன் தலைவன். அந்த ஆன்மா ஓர் ஆண். அவன் மனைவி மக்களை விட்டுத் தனியே நடக்கிறான்.

பனியனின் மூலக்கதையில் பெண்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். வழியிலுள்ள மாளிகை ஒன்றில் விவேகம், பக்தி, அன்பு முதலிய பண்புகள் கன்னியராக இருந்து, பயணியை உபசரித்து, கேள்வி கேட்டு, படைக்கலம் தந்து அனுப்புகின்றனர். மற்றொரு புறத்தில் உடலிச்சையும் கண்ணிச்சையும் செருக்கும் பெண்களாக உருவகிக்கப்பட்டு ஆசை காட்டுகின்றன. விருந்தோம்பும் கன்னிக்கும் வழிகெடுக்கும் மாதுக்கும் நடுவே, வீட்டில் விடப்பட்ட மனைவிக்கு மட்டும் வடிவம் இல்லை. இந்தக் குறையைப் பனியனே உணர்ந்தவர்போல, 1684-இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியைப் பிள்ளைகளோடும் ஒரு தோழியோடும் அதே பாதையில் நடக்கவிட்டார். எனினும் அவர்களுக்கு வீரன் ஒருவனை வழித்துணையாகச் சேர்த்தார். ஆண் தனியே போகலாம், பெண்ணுக்குக் காவல் வேண்டும் என்பது அந்த உலகின் நியதி. தமிழ்க் காப்பியம் முதற்பாகத்தின் கதையையே அடிப்படையாகக் கொண்டதால், மனைவியின் பயணம் தமிழ்ச் செய்யுளில் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் கம்பனோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். கிருட்டிண பிள்ளை தம் காப்பியப் பகுதியொன்றுக்கு ஆரணிய பருவம் என்று பெயரிட்டபோது, தமிழ் வாசகர் மனத்தில் இராமாயணத்தின் ஆரணிய காண்டம் எழாமல் இருக்காது. கம்பனின் காட்டில் கணவனை வாதாடி வென்று உடன்வந்த மனைவி இருக்கிறாள்; கிறித்தவ யாத்திரிகனின் காட்டில் அவள் இல்லை. கம்பனின் சொல்லையும் சந்தத்தையும் அணியையும் தம்முடையதாக்கிக்கொண்டு கிறித்தவக் கம்பர் என்று போற்றப்பட்ட புலவரால், கம்பனின் கதையமைப்பில் பெண்ணுக்கு இருந்த இடத்தை மட்டும் கொண்டுவர இயலவில்லை. அதை அவருடைய பெண்வெறுப்பாகக் கொள்வதைவிட, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான, மீட்பு என்பது ஒவ்வொருவரும் தனித்தனியே தேடவேண்டிய ஒன்று என்னும் கருத்தின் விளைவாகக் கொள்வதே தகும். அக்கருத்து நெல்லைச் சீமையின் நடைமுறையிலும் இருந்தது. 1854 முதல் சிவகாசியைத் தளமாகக் கொண்டு, ராயகிரி இருக்கும் மலையடிவாரத்துக்கு வடகிழக்கே விரிந்த வடதிருநெல்வேலியின் ஊர்களில் கூடாரமடித்துப் பிரசங்கித்த ராக்லண்ட் ஐயர், மணம் செய்யாமலே வாழ்ந்து 1858-இல் மறைந்தவர். வீட்டைத் துறந்து நடக்கும் ஆண் என்னும் உருவம் நூலில் மட்டுமின்றிச் சாலையிலும் காணக் கிடைத்தது.

உரைநடைக் கதை வந்தபோது நிலை மாறியது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, 1869-இல் பெண்மதி மாலையில் பெண்கல்விக்காக வாதாடியவர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் என்ற நாயகியைப் படைத்தார். கணவனைத் தேடி ஆண் வேடத்தில் போகும் அவளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலையிட, அவள் அந்நாட்டின் அரசனாகி, கணவனுக்கும் துணையரசப் பதவி தந்து, நீதி தவறாமல் ஆள்கிறாள். யானை மாலையிடுவது பழைய கதை மரபின் மிகுபுனைவு. அந்த மரபு ஒரு பெண்ணின் அறிவுக்கு அரியணை தேடித் தரப் பயன்பட்டது. ஆனால் வேடம் கலைந்ததும் அவள் ஆட்சியை விட்டு இல்லறத்துக்கே திரும்புகிறாள்; கதை முழுவதையும் சொல்பவனும் அவள் கணவனே. பெண் கல்வி கற்க வேண்டும் என்று வாதாடிய ஆசிரியர், அக்கல்வியின் பயனை நல்ல மனைவியிலும் நல்ல தாயிலும் கண்டார்.

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின், இதே போக்கு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தோன்றியது. ஆண்கள் மட்டுமே கூடிய ஓர் இலக்கியக் குழாத்தின் உறுப்பினர்களுள் டோல்கீன் கத்தோலிக்கர், சி. எஸ். லூயிஸ் ஆங்கிலிக்கர். டோல்கீன் 1954–55-இல் வெளியிட்ட மோதிரக் கதையில் எயோவின் என்ற அரசகுலப் பெண் ஆண்வேடமிட்டுப் போர்க்களம் புகுந்து, எந்த ஆணாலும் வீழ்த்த முடியாதவன் என்று சொல்லப்பட்ட பகைவனை வீழ்த்துகிறாள்; பின்னர் வாளை விட்டு மணவாழ்வையும் மருத்துவத்தையும் ஏற்கிறாள். லூயிஸின் நார்னியா கதைகளில் வெண்சூனியக்காரி என்னும் கொடிய பெண்ணும், யாரும் நம்பாததை முதலில் கண்டு சொல்லும் லூசி என்னும் சிறுமியும் எதிரெதிரே நிற்கின்றனர்; 1956-இல் வந்த இறுதி நூலில், ஒப்பனையிலும் விருந்துகளிலும் நாட்டம் கொண்டு வளர்ந்துவிட்ட அக்காள் சூசன் மட்டும் அந்த அற்புத நாட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். சிறுமிக்குத் தீர்க்கதரிசனம் தர முடிந்த கற்பனைக்கு, வளர்ந்த பெண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை என்ற கண்டனம் அதன்மேல் இன்றும் தொடர்கிறது. ஞானாம்பாளையும் எயோவினையும் படைத்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எனினும் பெண்ணின் ஆற்றலை நம்பவும், அதை ஆணுடைக்குள் மட்டும் அனுமதிக்கவும், முடிவில் அதை வீட்டுக்குள் வைக்கவும் இருவர் கற்பனையும் ஒரே வழியைக் கண்டன.

நெல்லைச் சீமையின் உண்மைப் பெண்கள் இந்நூல்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஜான் தேவசகாயம் ஐயரின் மகளான அன்னா சத்தியநாதன் சென்னையில் பெண்பள்ளிகள் நடத்தியதோடு, தாய்மாருக்காக நல்ல தாய் என்ற நூலையும் எழுதினார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் அமைந்த பெண்கள் கல்விக்கூடம் 1895-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. சபை வரலாறுகள் வேதாகமப் பெண்கள் என்று குறிக்கும், வேதம் வாசித்துக் காட்டும் ஊழியப் பெண்கள், ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளின் உட்புறம்வரை சென்றனர். 1890-களின் இறுதியில் பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்கள், ஆமி கார்மைக்கேல் அம்மையாரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று, வெயிலிலும் ஏச்சிலும் பிரசங்கம் செய்தனர். இரட்சணிய யாத்திரிகம் அச்சேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காப்பியத்தில் ஆண் ஒருவன் மட்டுமே நடந்த பாதையில் பெண்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தனர்.

பெத்லகேம் குறவஞ்சி இயற்றப்பட்டு ஒரு நூற்றாண்டு நிறைந்த காலமும் அதுவே. மலையிறங்கி, முன்பின் அறியாத ஊருக்குள் நுழைந்து, திண்ணையில் இருப்பவர்களை அழைத்து, வரப்போவதைச் சொல்லும் பெண்ணை விசுவாசத்தின் வடிவமாக 1800-இல் வேதநாயகம் சாஸ்திரியார் பாடியபோது, அவர் தம் சபையில் கண்ட பெண்ணைப் பாடவில்லை. குற்றாலத்துக் கவிராயர் கையாண்ட இலக்கண எல்லைக்குள் கிடைத்த பெண்ணையே பாடினார். கருத்தாக மட்டும் நிறுத்தப்பட்ட அவளுக்கு உடலும் ஊரும் பெயரும் கிடைக்க நூறு ஆண்டுகள் ஆயின. காப்பியத்தின் பெருமித நடைக்கு எட்டாத அந்தச் சாத்தியம், கற்றோர் சிற்றிலக்கியம் என்று ஒதுக்கிய வகையொன்றில், ராயகிரிக்கும் குற்றாலத்துக்கும் பொதுவான மலையிலிருந்து இறங்கிவந்த கூடைக்காரியின் நடையில், முன்பே பதிந்து கிடந்தது.